எழுந்து நின்றால் படபடக்கும் இதயம்: நீருக்குள் தொடங்கும் உடற்பயிற்சி

படுத்திருக்கையில் நிமிடத்திற்கு 75 முறை அமைதியாகத் துடித்த இதயம், எழுந்து நின்ற சில நிமிடங்களில் 120, 130 என்று ஓடத் தொடங்குகிறது. நெஞ்சு படபடக்கிறது, தலை கிறுகிறுக்கிறது, கண் இருட்டுகிறது, கால்கள் துவள்கின்றன. உட்கார்ந்தாலோ படுத்தாலோ எல்லாம் தணிந்துவிடுகிறது. இ.சி.ஜி. எடுத்தால் சீராக இருக்கிறது. எக்கோ பார்த்தாலும் குறையில்லை. "ஒன்றுமில்லை, பயம்தான்" என்று சொல்லப்பட்டு வீடு திரும்பும் இவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். பதினைந்து வயதிலிருந்து ஐம்பது வயதிற்குட்பட்டோர். பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்க முடியாத மாணவி, அடுப்படியில் கால் மணி நேரம் நிற்க முடியாத மருமகள், நியாயவிலைக் கடை வரிசையிலிருந்து பாதியில் திரும்பும் தாய் ஆகியோர் வீட்டில் பெறும் பெயர் சோம்பேறி என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது.

இது சோம்பலன்று, ஒரு நோய். நிமிர்நிலை மிகைத்துடிப்பு என்று தமிழில் கூறலாம். மருத்துவச் சீட்டில் 'பாட்ஸ்' என்று சுருக்கமாக எழுதப்பட்டிருக்கும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை மருத்துவர்கள் 1993ஆம் ஆண்டு இதற்கு இன்றைய பெயரையும் இலக்கணத்தையும் தந்தனர். எழுந்து நின்ற பத்து நிமிடங்களுக்குள் நாடித்துடிப்பு குறைந்தது 30 கூட வேண்டும். 12 முதல் 19 வயதுள்ளோருக்கு 40 கூட வேண்டும். அவ்வேளையில் இரத்த அழுத்தம் பெரிதும் வீழக் கூடாது. தொல்லைகள் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். வேறு காரணம் எதுவும் இருத்தலாகாது. பெயர் புதிதாயினும் நோய் புதிதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களிடம் கண்ட இத்தகைய படபடப்பைப் பற்றி டா கோஸ்டா என்னும் மருத்துவர் 1871இல் விரிவாக எழுதினார். அவர் விவரித்தவர்களுள் சிலருக்கு இருந்தது இதுவே என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கொரோனாத் தொற்றிற்குப் பின் இந்நோயாளிகளின் எண்ணிக்கை உலகெங்கும் கூடியிருக்கிறது. வைரசுக் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பேறுகாலம், நீண்ட படுக்கை ஆகியவற்றைத் தொடர்ந்து இது தலைகாட்டுவது வழக்கம்.

இந்நோய்க்கு மருந்தைவிட உடற்பயிற்சி அதிகம் உதவக்கூடியது. ஆனால் நிற்கவே இயலாதவரை நடக்கச் சொன்னால் எப்படி நடப்பார்? இந்த முட்டுக்கட்டையை அவிழ்க்கும் வழிகளுள் ஒன்று நீர். அதைப் புரிந்துகொள்ள, நிற்கும்போது உடலில் என்ன நிகழ்கிறது என்பதை முதலில் காண வேண்டும்.

கீழிறங்கும் இரத்தம்

நாம் எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரையிலான இரத்தம் புவியீர்ப்பினால் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. நலமுள்ள உடலில் கழுத்திலும் நெஞ்சிலும் உள்ள அழுத்த உணரிகள் இதை நொடிப்பொழுதில் அறிந்து, இரத்தக் குழாய்களை இறுக்கச் செய்கின்றன. கெண்டைக்கால் தசைகள் சுருங்கி, இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. நாடி பத்து, பதினைந்து கூடுவதோடு காரியம் முடிந்துவிடும்.

இந்நோயுள்ளவர்களுக்கு அந்த ஏற்பாடு தளர்ந்திருக்கிறது. பலருக்கு உடலிலுள்ள மொத்த இரத்த அளவே குறைவு. சிலருக்குக் கால் நரம்புகளின் கட்டளை போதிய அளவில் குழாய்களை எட்டுவதில்லை. வேறு சிலருக்கு அட்ரினலின் போன்ற சுரப்புகள் மிகையாகச் சுரக்கின்றன. எவ்வாறாயினும் இதயத்திற்குத் திரும்பி வரும் இரத்தம் குறைந்துவிடுகிறது. ஒரு துடிப்பில் வெளியேறும் அளவு குறையும்போது, துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுசெய்ய இதயம் முயல்கிறது. பழுது இதயத்தில் இல்லை. குறையை நிரப்ப அது கூடுதலாக உழைக்கிறது. நோயாளிகளிடம் இதை விளக்கும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் ஆறுதல் எந்த மாத்திரையும் தராதது.

தொல்லைக்கு அஞ்சிப் படுத்தே இருப்பவருக்குக் கால் தசை மெலிகிறது, இரத்த அளவு இன்னும் சுருங்குகிறது, இதயமும் சற்றுச் சிறுக்கிறது. அடுத்த முறை எழும்போது நாடி இன்னும் வேகமாக ஓடுகிறது. இந்தச் சுழலை உடைப்பதே சிகிச்சை.

முதலில் வேறு காரணம் இல்லை என்று அறிதல்

மரக்காணம் உப்பளக் கரையில் வாழ்வோருக்கு இப்பகுதி மிக முக்கியம். மரநிழலற்ற பாத்திகளில், வெண்மையான உப்பிலிருந்து திருப்பி அடிக்கும் வெயிலில், கோடை முழுவதும் உப்பு வாருவோர்க்கு எழுந்தால் கிறுகிறுப்பது நீரிழப்பினாலேயே இருக்கலாம். களத்தில் கழிப்பறை இல்லாமையால் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கின்றனர். சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, வெப்பமும் நீரிழப்பும் சிறுநீரகத்தைத் தாக்குவதைக் காட்டியது. இத்தகையவருக்கு முதல் மருந்து தண்ணீரும், நிழலும், கழிப்பறையும்தான். பாட்ஸ் என்று பெயரிட்டு உப்பைக் கூட்டச் சொன்னால், குன்றிய சிறுநீரகம் மேலும் குன்றும்.

இரத்தச் சோகை மற்றொன்று. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தச் சோகை உண்டு. அதிலும் நாடி விரையும். அதற்கு வேண்டியது இரும்புச்சத்து. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் நாடி விரையும். ஆனால் அது படுத்தாலும் தணியாது. எனவே ஹீமோகுளோபின், தைராய்டு, சிறுநீரகச் செயல்பாடு, சர்க்கரை, இ.சி.ஜி. ஆகியவற்றைப் பார்க்காமல் இந்நோயின் பெயரைச் சூட்டுவது சரியன்று.

நிற்றல் சோதனையை வீட்டிலேயே செய்து குறித்துக்கொண்டு வரலாம். காலையில் பத்து நிமிடம் அமைதியாகப் படுத்திருந்து நாடியை எண்ணுங்கள். பின் எழுந்து, சுவரிலிருந்து அரை அடி தள்ளிக் குதிகால்களை வைத்து, தோள்களை மட்டும் சுவரில் சாய்த்து, கால்களை அசைக்காமல் நில்லுங்கள். 1, 3, 5, 10ஆம் நிமிடங்களில் நாடியைக் குறியுங்கள். கொரோனாக் காலத்தில் பல வீடுகளில் வாங்கி வைத்த விரல் ஆக்சிமீட்டரே நாடியையும் காட்டும். ஒருவர் அருகில் நிற்பது கட்டாயம். மயக்கம் வருவதுபோல் தோன்றினால் உடனே படுத்துவிட வேண்டும்.

நீர் செய்யும் உதவி

நெஞ்சளவு நீரில் ஒருவர் நிற்கிறார் எனக் கொள்வோம். நீரின் ஆழம் ஒவ்வொரு சென்டிமீட்டர் கூடும்போதும் அழுத்தம் ஏறத்தாழ 0.74 மி.மீ. பாதரசம் கூடுகிறது. 120 செ.மீ. ஆழத்தில் பாதத்தின் மீது அமையும் அழுத்தம் 88 மி.மீ. பாதரசம்; முழங்காலில் அதைவிடக் குறைவு; நெஞ்சருகே ஏறத்தாழ இல்லை. கீழே மிகுந்தும் மேலே குறைந்தும் அமையும் இந்த அழுத்தம், காலில் தேங்கும் இரத்தத்தை வெளியிலிருந்து மேல்நோக்கி நெருக்குகிறது. இந்நோய்க்கு நாம் எழுதித்தரும் அழுத்தக் காலுறை கணுக்காலில் தருவது 30 முதல் 40 மி.மீ. மட்டுமே. இரத்தத்தின் அடர்த்தியும் நீரின் அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்றாதலால், குழாய்க்குள்ளிருந்து புவியீர்ப்பு வெளியே தள்ளுவதை வெளியிலிருக்கும் நீர் ஏறக்குறைய அதே அளவில் திருப்பித் தள்ளிவிடுகிறது. கழுத்தளவு நீரில் அமிழ்ந்தவரின் நெஞ்சுக்குள் சுமார் 700 மி.லி. இரத்தம் கூடுதலாக வந்து சேர்வதாக 1972இலேயே சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். தரையில் இறங்கிய அளவு இரத்தம், நீரில் மேலேறுகிறது.

ஆகவே தரையில் 125ஆக ஓடும் நாடி நெஞ்சளவு நீரில் வெகுவாகத் தணிகிறது. நோயாளி நிமிர்ந்து நின்றபடியே காலை வீசலாம், நடக்கலாம், குந்தி எழலாம். மிதவையினால் உடல் எடையும் குறைகிறது: இடுப்பளவு நீரில் பாதியாகவும், நெஞ்சளவில் மூன்றில் ஒன்றாகவும் காலில் உணரப்படும். நீரின் தடுப்பு தசைக்கு வேலை தருகிறது, விழுந்தாலும் அடிபடாது. பல மாதம் படுத்தே இருந்து மூட்டு இறுகியவர்களுக்கும், மூட்டுத் தளர்ச்சியுள்ளோருக்கும் இது பெரும் வசதி.

பயிற்சியால் இந்நோய் தணியும் என்பதற்கு வலுவான சான்று அமெரிக்காவின் டாலஸ் நகரிலிருந்து வந்தது. பெஞ்சமின் லெவீன், சீ ஃபூ ஆகியோரின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளின் இதயம் நலமுள்ளோரின் இதயத்தைவிடச் சிறியதாகவும் இரத்த அளவு குறைந்ததாகவும் இருப்பது தெரிந்தது. சாய்ந்தமர்ந்து மிதிக்கும் சைக்கிள், துடுப்புப் பயிற்சி, நீச்சல் எனப் புவியீர்ப்பு கடுமையாகத் தாக்காத நிலைகளில் தொடங்கி, மூன்று மாதங்கள் படிப்படியாகப் பயிற்சி தரப்பட்டது. முடித்த 19 பேரில் 10 பேருக்கு நோயின் இலக்கணமே பொருந்தாமல் போயிற்று. பின்னர் ஏராளமானோரைச் சேர்த்து வீட்டிலேயே செய்யவைத்த முயற்சியிலும் முடித்தவர்களில் பெரும்பாலோர் நலமடைந்தனர். ஆனால் சேர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இடையிலேயே விட்டுவிட்டனர். நீர்ப்பயிற்சியை மட்டும் தனியே எடுத்துச் செய்த பெரிய ஆய்வுகளின் துணை நமக்கு இல்லை. அதனால் இதனை முழுச் சிகிச்சை என்று நான் சொல்வதில்லை. தரைப் பயிற்சிக்கு ஏற வேண்டிய முதற்படி என்றே சொல்கிறேன். நீருக்குள் மட்டும் நலமாயிருந்து பயனில்லை. வாழ வேண்டியது தரையில் அல்லவா?

குளத்தில் செய்யும் முறை

நீந்தத் தெரிய வேண்டியதில்லை. வேண்டுவது நெஞ்சளவு ஆழமும், வழுக்காத தரையும், பிடித்து இறங்கக் கைப்பிடியுள்ள படியும், பயிற்சியளிக்கும் இயன்முறை மருத்துவரும். நீர் வெதுவெதுப்பாக, 28 முதல் 32 பாகை செல்சியசுக்குள் இருப்பது நல்லது. மூட்டு நோயாளிகளுக்கான சில சிகிச்சைக் குளங்களின் நீர் இதைவிடச் சூடானது. சூடு இரத்தக் குழாய்களை விரிப்பதால் நம் நோயாளிகளுக்கு அது ஆகாது.

இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்னர் இரண்டு தம்ளர் தண்ணீர் பருகுங்கள். வயிறு நிறைய உண்டபின் இறங்க வேண்டாம். முதல் வாரம் பத்து நிமிடம் போதும்: சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் நடத்தல், குதிகாலை உயர்த்தி இறக்குதல், காலை முன்னும் பின்னும் வீசுதல். வாரம் மூன்று நாள். வாரத்திற்கு மூன்று, நான்கு நிமிடமாகக் கூட்டி, இரண்டு மாதத்தில் அரை மணி நேரத்தை எட்டலாம். இங்கே நாடிக்கணக்கை நம்ப வேண்டாம். நீரில் நாடி இயல்பாகவே குறையும், புரோப்ரனலால், இவாபிரடின் போன்ற மாத்திரை உண்போருக்கு இன்னும் குறையும். மூச்சிரைத்தாலும் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதே அளவுகோல். இரண்டாம் மாதத்திலிருந்து ஆழத்தைக் குறைக்க வேண்டும்: நெஞ்சளவிலிருந்து இடுப்பளவுக்கு, பின் தொடையளவுக்கு. ஆழம் குறையக் குறைய, நீர் செய்துவந்த வேலையை உங்கள் கெண்டைக்கால் ஏற்கத் தொடங்குகிறது. பலர் இந்தப் படியைத் தவிர்த்து, சுகமான ஆழத்திலேயே நின்றுவிடுகின்றனர்.

மிகுந்த கவனம் வேண்டிய நேரம் பயிற்சி நேரமன்று, வெளியேறும் நேரம். நீரின் நெருக்குதல் விலகிய கணமே இரத்தம் மீண்டும் கீழிறங்குகிறது. அத்துடன் மற்றொன்றும் சேர்கிறது. நெஞ்சில் இரத்தம் நிறைந்ததைக் கண்ட இதயம், உடலில் நீர் மிகுந்துவிட்டதாக எண்ணி ஒரு சுரப்பை வெளியிடும். சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றத் தொடங்கும். குளத்தில் இறங்கியதும் சிறுநீர் முட்டுவது இதனால்தான். ஆக, இறங்கியபோது இருந்ததைவிடக் குறைந்த நீர்ச்சத்துடன் மேலேறுகிறீர்கள். எனவே முதலில் இடுப்பளவு நீரில் இரண்டு நிமிடம் நடந்து, பின் படியில் கால் நீருக்குள் இருக்க ஐந்து நிமிடம் அமர்ந்து, உப்பிட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ பருகி, கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்தி, அதன் பிறகே எழ வேண்டும். குளியலறைக்குத் தனியே செல்லக் கூடாது. உடனே சுடுநீரில் குளிக்கவும் கூடாது.

கடலும் பாத்தியும்

"கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, அங்கே செய்யலாமா?" என்று பலர் கேட்கின்றனர். வேண்டாம். கடல் நீரின் மிதவை சற்றுக் கூடுதல் என்பது உண்மை. ஆயினும் இக்கரையின் அலையும் உள்ளிழுக்கும் நீரோட்டமும் நலமுள்ளோரையே கொண்டுபோகின்றன. மயக்கம் வரக்கூடியவர் இடுப்பளவு அலையில் நிற்பது உயிராபத்து. ஏரியும் கிணறும் அவ்வாறே.

உப்புப் பாத்தியில் நாள் முழுதும் நிற்பவர்க்கு இப்பயன் கிடைக்காதா என்பது அடுத்த கேள்வி. கிடைக்காது. உப்பு பூக்கும் பாத்தி நீர் சாதாரண நீரைப் போல் 1.2 மடங்கு அடர்த்தியானது. எனினும் அதன் ஆழம் கணுக்காலை எட்டுவதே அரிது. நீர்ப்பயிற்சியில் வேலை செய்வது ஆழம், உப்பு அன்று. உப்பு நீரில் நிற்பதால் தோல் வழியே உடலில் உப்பு ஏறும் என்ற எண்ணமும் தவறு. காலில் வெடிப்பும் புண்ணுமே மிஞ்சும். அவ்வாறு வெடிப்புள்ளவர்கள் அதை ஆற்றிக்கொண்ட பின்னரே குளத்தில் இறங்க வேண்டும்.

குளம் கிட்டாதவர்கள் மனம் தளர வேண்டாம். நீரின் நோக்கம் புவியீர்ப்பைத் தவிர்ப்பதே. பாயில் படுத்தும் அதைத் தவிர்க்கலாம். மல்லாந்து படுத்துக் காலை மாற்றி மாற்றி உயர்த்துதல், முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குதல், படுத்தபடி மிதிவண்டி மிதிப்பதுபோல் காலைச் சுழற்றுதல், பின்னர் நாற்காலியில் அமர்ந்து குதிகாலை உயர்த்துதல் என ஏறிவரலாம். முதல் மூன்று வாரம் களைப்பு கூடும், அது எதிர்பார்க்கத்தக்கதே. அந்த வாரங்களில்தான் பலர் விட்டுவிடுகின்றனர்.

ஒரே வீட்டில் இரண்டு உப்பு

பயிற்சி பலனளிக்க இரத்த அளவு கூட வேண்டும். அதற்கு நீரும் உப்பும் வேண்டும். இந்நோய் உறுதியானவருக்கு நாளொன்றுக்கு இரண்டு முதல் மூன்று லிட்டர் நீரும், பத்து கிராம் அளவு உப்பும் பரிந்துரைக்கிறோம். உலகச் சுகாதார நிறுவனம் பொதுமக்களுக்குச் சொல்வதோ ஐந்து கிராமுக்குக் கீழ். இதனால் வீடுகளில் குழப்பம் வருகிறது. இரத்தக் கொதிப்புள்ள தந்தைக்கு உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு மகளுக்குக் கூட்டச் சொன்னால், எந்த மருத்துவர் சொல்வது சரி என்று தாய் திகைக்கிறார். இரண்டும் சரி. குழம்பைத் தந்தையின் அளவுக்குச் சமைத்து, மகள் தன் தட்டிலும் மோரிலும் கஞ்சியிலும் சேர்த்துக்கொள்வதே வழி. சிறுநீரகக் குறைபாடு, இரத்தக் கொதிப்பு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேளாமல் உப்பைக் கூட்டவே கூடாது.

இவ்வூருக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். களத்திலிருந்து அப்படியே எடுத்துவரும் கல்லுப்பில் அயோடின் சேர்க்கப்பட்டிருப்பதில்லை. அயோடின் இல்லாத உப்பை உணவுக்கென விற்பது இந்தியாவில் 2006 முதல் தடை செய்யப்பட்டிருப்பினும், வீட்டு வாசலில் கிடைப்பதைச் சமைப்பதை எவரும் தடுப்பதில்லை. சாப்பிடும் உப்பு அயோடின் கலந்த பாக்கெட் உப்பாகவே இருக்கட்டும்.

உடனே வர வேண்டிய நேரங்கள் சில உண்டு. உடல் உழைப்பின் நடுவே மயங்கி விழுதல், நெஞ்சு வலி, படுத்தால் மூச்சுத் திணறல், இரு கால்களிலும் வீக்கம், உட்கார்ந்திருக்கையிலேயே திடீரெனத் தொடங்கித் திடீரென நிற்கும் படபடப்பு, குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் ஆகியவை இந்நோயின் அடையாளங்கள் அல்ல. வேறு இதய நோய்களின் அடையாளங்கள். இவற்றுள் எதுவும் இருப்பின் நீரில் இறங்கும் முன் எங்களிடம் வாருங்கள்.

வீட்டார் செய்யக்கூடியவை எளியவை. அடுப்படியில் உயரமான முக்காலி ஒன்று இருந்தால் அமர்ந்தே சமைக்கலாம். காய் நறுக்குவதும் துணி மடிப்பதும் உட்கார்ந்து செய்யும் வேலைகளே. படுக்கையருகே இரவே ஒரு செம்பு தண்ணீர் வைத்து, காலையில் எழுமுன் அதைப் பருகச் செய்யுங்கள்; அரை லிட்டர் நீரை விரைவாகப் பருகுவது சில நிமிடங்களில் தலைக்கிறுக்கத்தைத் தணிக்கும். மாதவிடாய் நாட்களில் தொல்லை கூடும் என்பதால் அந்நாட்களில் பயிற்சியைப் பாதியாக்கலாம், நிறுத்த வேண்டாம். ஒரு நோட்டில் வாரம் ஒருமுறை படுத்த நாடி, பத்தாம் நிமிட நாடி, பயிற்சி செய்த நிமிடங்கள், குடித்த நீர் ஆகிய நான்கையும் எழுதி வாருங்கள். மூன்றாம் மாத வருகையின்போது மருந்தைக் குறைக்கலாமா, ஆழத்தைக் குறைக்கலாமா என்பதை அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்வோம்.